பூனைக்குச் சொன்ன சூ

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் என்னால் பழக்க முடியாத நாய் ஒன்று இந்தச் சேர்வராயன் மலையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டு நாய்க்கும் என் மனைவி கொண்டுவந்த பூனைக்குட்டிக்கும் இருந்த வழக்கை நான் தீர்த்த விதம் நாகலூர் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக இப்போது சொல்கிறேன்.

முதலில் நாய் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் குப்பனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருந்து, இன்னொருவருடைய காப்பியைப் பறித்தவர்கள். நான் லாரியில் கிளீனராக ஏறினேன், டிரைவராக இறங்கினேன். ஜீப் வாங்கினேன். பிறகு நாகலூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நிலம் வாங்கினேன். காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, ஓரமாகக் கமலா ஆரஞ்சு. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆரஞ்சு காய்க்க ஆரம்பித்த வருஷமே குரங்குகள் வந்தன. பக்கத்து எஸ்டேட்டில் வெடி போட்டார்கள். நான்கு நாளில் குரங்குகள் வெடிச்சத்தத்துக்குப் பழகி, சத்தம் கேட்டால் சாப்பாடு எங்கே என்று தேடி வந்தன. நான் வெடி வாங்கவில்லை. ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தேன்.

சாம்பல் நிறம், பெரிய காது, தெருநாய்க்கும் பங்களா நாய்க்கும் பிறந்தது. பேர் வைக்கவில்லை. 'டேய்' என்றால் வரும். அதற்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். மரத்தைக் காட்டி 'சூ' என்பேன். அவ்வளவுதான். அம்பு மாதிரி போகும். ஒரே பருவத்தில் எங்கள் தோட்டத்துக் குரங்குகள் முழுவதும் பக்கத்து எஸ்டேட்டுக்குக் குடிபோய்விட்டன. அந்த எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர், படித்த மனிதர், என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"உங்க கொரங்கெல்லாம் எங்க தோட்டத்துலதானுங்க இருக்குது."

"உங்க தோட்டத்துல இருந்தா அது உங்க கொரங்குதானுங்க" என்றேன்.

அப்படி ஆறு வருஷம் அந்த நாய் எங்கள் வாசலில் ராஜா. என் மனைவி அதற்குச் சோறு வைப்பாள், ஆனால் தொட மாட்டாள். வட்டிலை வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்துகொள்வாள்.

ஒரு தை மாதம், காப்பிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, பறிக்க வரும் ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து என் மனைவி ஒரு பூனைக்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை உடம்பு, கறுப்பு வால். என் உள்ளங்கைக்குள் அடங்கும்.

"எலி மூட்டையக் கடிக்குதுங்க" என்றாள்.

"அதுக்கு எலிப்பொறி இருக்குது."

"பொறி மடில படுத்துக்குமா?"

எலி ஒரு சாக்கு என்று எனக்கும் தெரியும். அவளுக்கு ஆசை.

நாயையும் பூனையையும் சேர்த்து வைப்பதற்கு நானே ஒரு வழி யோசித்தேன். எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. புத்தகம் படிக்கிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. நாய் படுக்கும் சாக்கை எடுத்து அடுப்படியில் பூனைக்கு விரித்தேன். பூனை படுத்த துணியை வாசலில் நாய்க்குப் போட்டேன். ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் பழகட்டும் என்று. நான்கு நாள் கழித்து அடுப்படிக் கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் பூனைக்குப் பால், இந்தப் பக்கம் நாய்க்குச் சோறு. கதவின் அடியில் இரண்டும் மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டன. பிறகு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பூனை சீறியது. நாய் தும்மியது. அத்தோடு முடிந்தது. பதினைந்து நாளில் பூனைக்குட்டி நாயின் வாலைப் பிடித்து விளையாடியது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

பறிக்க வந்த பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரைட்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுவாரம் ஒருநாள் காலையில் பூனைக்குட்டி அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தது. தூங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று எழுந்து அதன்மேல் பாய்ந்தது. பூனை மிளகுக்கொடியில் ஏறித் தப்பியது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு நாள் விட்டு மறுபடி நடந்தது. அப்போது பூனையின் வால் நுனியில் நாயின் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே நாய் ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. சபாஷ் என்று நான் சொல்ல வேண்டுமாம். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

என் மனைவி வாலில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிறகு செல்போனை எடுத்துக் குப்பனூரில் இருக்கும் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் குட்டியானை வண்டி வைத்துக் காய்கறி ஏற்றுகிறவன்.

"கண்ணு, வண்டிய எடுத்துட்டு வா. இந்த நாயக் கொண்டு போயி உங்க தோட்டத்துல கட்டிக்கோ."

இந்த வாரம் லோடு இருக்கிறது, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"ஏ புள்ள, நாயக் குடுக்க நான் சம்மதிச்சனா?"

அவள் என் பக்கம் திரும்பி நின்றாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனால் பேச்சு தெளிவாக வந்தது.

"ஜீப்பு வாங்குனீங்க, என்னக் கேக்குல. நெலம் வாங்குனீங்க, கையெழுத்துப் போட்டுப்போட்டு வந்து சொன்னீங்க. நாயக் கொண்டாந்தீங்க, அதுக்கும் கேக்குல. எல்லாம் நல்லதுதான், நான் ஒண்ணும் சொல்லுல. ஆனா இந்த ஊட்டுக்குள்ள நானா ஆசப்பட்டுக் கொண்டாந்தது இது ஒண்ணுதான். இதையும் உங்க நாய்க்கு விட்டுத் தரச் சொன்னா எப்படிங்க?"

தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். என் மீசைக்கு அது பழக்கமில்லை. நாயைக் கொடுத்தால் என் தோட்டம் போச்சு, ஆறு வருஷம் என் காலடியில் கிடந்த ஜீவன் போச்சு. கொடுக்காவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

ரைட்டர் வேலியோரம் நின்று ஆறுதல் சொன்னார். "அது ரத்தத்துல இருக்கறதுங்க. நீங்க என்ன பண்ணாலும் மாறாது. பேசாம ஏத்தி அனுப்பிப்போடுங்க." அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் ஒருவேளை அனுப்பியிருப்பேன்.

லாரி ஓட்டியவன் காதால் பார்ப்பவன். ஏற்காடு மலை ஏறும்போது வண்டியில் எங்கேயோ டொக் டொக் என்று கேட்கும். இறங்கி, எங்கே என்று பார்த்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். சத்தத்துக்கு முன்னால் என்ன நடந்தது, கியர் மாற்றினேனா, பிரேக் அழுத்தினேனா என்று யோசிக்க வேண்டும். மெக்கானிக்குகள் கழற்றிப் போட்டும் கண்டுபிடிக்காததை நான் அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன். இதையும் அப்படியே கேட்கலாம் என்று முடிவு செய்தேன். நாயை வாசல் தூணில் கட்டினேன். வேறு வேலை எதுவும் செய்யாமல் இரண்டு நாள் காப்பிக் களத்தின் ஓரமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை. உள்ளே என் மனைவி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நாய் தூங்கியது. திடீரென்று அதன் இரண்டு காதும் நிமிர்ந்தன. எழுந்தது, சங்கிலியை இழுத்தது. அதற்குப் பிறகுதான் பூனைக்குட்டி கதவு வழியாக வெளியே வந்தது.

காது முதலில், பூனை அப்புறம். நாய் பூனையைப் பார்த்துப் பாயவில்லை. பாய வேண்டும் என்று எழுந்து நின்றுகொண்டு, யார் மேல் பாய்வது என்று தேடியது. அப்போது எதிரே வந்தது பூனை. அப்படியானால் உள்ளே ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது.

அடுப்படிக்குப் போனேன்.

"இப்ப என்ன பண்ணுனே?"

"தோச சுட்டேன்."

"பூனைய என்ன பண்ணுனே?"

"மாவுச் சட்டில வாய வெக்க வந்துச்சு. தொரத்துனேன்."

"எப்படித் தொரத்துனே?"

"பூனைய எப்படித் தொரத்துவாங்க? சூன்னுதான்."

கரண்டி அவள் கையிலேயே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். ஊர் உலகத்தில் பூனையை விரட்ட எல்லாரும் சொல்வதும் சூ. நாயை ஏவிவிடச் சொல்வதும் சூ. எங்கள் வீட்டில் அதுவரை பூனை கிடையாது, அதனால் அந்தச் சொல் குரங்குக்கு மட்டும்தான் இருந்தது. பூனை வந்த முதல் பதினைந்து நாளும் குட்டிக்கு மாவுச் சட்டி எட்டவில்லை, அதை விரட்ட வேண்டியிருக்கவில்லை. இது யாருக்கும் தோன்றவில்லை.

அவள் நம்பவில்லை. செய்து காட்டினேன். பூனையை அடுப்படி அட்டாலிமேல், பானைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். கட்டியிருந்த நாயின் பக்கத்தில் நின்று "போ" என்றேன். வாலை ஆட்டியது. "சீ" என்றேன். கொட்டாவி விட்டது. பிறகு குரலை உயர்த்தாமல், ஊதுவதுபோல "சூ" என்றேன். சங்கிலி விறைத்துத் தூண் அதிர்ந்தது. நாய் நாலு பக்கமும் திரும்பி ஆளைத் தேடியது.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நாந்தான் ஏவி உட்டனா? இத்தன நாளா?"

"நீதான்" என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. "நான் அவ்வளவு நல்லாப் பழக்கி வெச்சிருக்கறேன். என் சொல்லக் கேக்கறது இருக்கட்டும், உன் சொல்லையும் கேக்குது பாரு" என்றேன். கலங்கிய கண்ணோடு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உடனே ஒரு சட்டம் போட்டேன். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அது என்னுடைய தப்பு. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல்லை நாக்கிலிருந்து எப்படிப் பிடுங்குவது? "போ சாமி, அக்கட்டப் போ சாமி" என்று பூனையிடம் கெஞ்சிப் பார்த்தாள். அது மாவை நக்கி முடித்துவிட்டுத்தான் போனது. முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு தோசை சுட்டாள். அப்படியும் அந்தச் சொல் மூன்று தடவை வாயில் வந்துவிட்டது. அவள் அடக்கிக்கொண்டாலும், தண்ணீர் குடிக்க வரும் பறிப்புக்காரப் பெண்கள் பூனையைப் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டத்தை ரத்து செய்தேன். ஜனங்களின் வாயை மாற்ற முடியாது. நாயின் காதைத்தான் மாற்ற வேண்டும்.

ரைட்டர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "ஆறு வருசம் பழகுன சொல்லுங்க. வயசான நாயி வேற. புதுசா ஏறாதுங்க."

"நான் நாப்பது வயசுக்கு மேலதானுங்க பஸ் போர்டு படிக்கக் கத்துக்கிட்டேன்" என்றேன்.

"நீங்க மனுசனுங்க."

"அதனாலதானுங்க எனக்கு அவ்வளவு நாளாச்சு."

ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பக்கம் போய் ஒரு பெரிய கவர் நிறையப் பொறை வாங்கி வந்தேன், டீக்கடையில் நாய்க்குப் போடுவார்களே அந்தக் காய்ந்த ரொட்டித்துண்டு. சனிக்கிழமை காலை காப்பி மூட்டை அடுக்கும் அறைக்குள் நாயைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே குரங்கும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, பொறையைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, "சூ" என்றேன்.

நாய் ஜன்னலில் முன்னங்காலை வைத்துக் குரைத்தது. நான் பேசவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் தேடியது. மேலே பார்த்தது. விரட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் திரும்பி வந்து, நீ என்னதான் சொல்கிறாய் என்பதுபோல மூக்கை என் கைமேல் வைத்தது. கையைத் திறந்தேன். தின்றது. மறுபடி சூ. மறுபடி ஜன்னல். மறுபடி கை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை, அன்றைக்கு நான் பறிப்பு வேலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது ஜன்னல் பக்கம் தலையை மட்டும் திருப்பியது. திங்கட்கிழமை தலையையும் திருப்பவில்லை. சூ என்றதும் நேராக என் கைக்கு வந்தது.

ஆனால் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வது நான் அல்ல. அவள். அதனால் செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"கடிச்சுப்போடுமுங்க."

"நான் பக்கத்துலதான இருக்கறேன்."

"நீங்க இருந்து என்னங்க, கடி எனக்குத்தான்."

முதலில் தூரத்தில் நின்று சூ என்று சொல்லிப் பொறையை விட்டெறிந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை எப்படியோ துணிந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நாய் மெதுவாக, உதட்டால் மட்டும் எடுத்துக்கொண்டு, கையையும் நக்கியது. அவள் கையை இழுக்கவில்லை.

"ஏனுங்க, இதோட மூக்கு இப்பிடிச் சில்லுன்னா இருக்கும்?"

ஆறு வருஷம் சோறு போட்டவள் அன்றைக்குத்தான் அதைத் தொட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை வாசலுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை பூனையையும் மாவுச் சட்டியையும் கொண்டுவந்தோம். நாயின் சங்கிலி என் கையில். பூனை மாவுச் சட்டியை நோக்கி நடந்தது. அவள் "சூ" என்றாள். நாய் எழுந்து பூனையை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. என் கை இறுகியது. நான் இழுப்பதற்குள் நாய் தானாகவே நின்றது, ஏதோ ஞாபகம் வந்தவன் வீட்டுக்குத் திரும்புவதுபோல. திரும்பி அவளிடம் போய் உட்கார்ந்தது. சனிக்கிழமை சங்கிலியைக் கழற்றினேன். அந்த இரண்டு எட்டும் இல்லை.

குரங்கை விரட்ட வேறு சொல் வேண்டுமே என்று கேட்பீர்கள். அது அதற்கப்புறம் நடந்தது, இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ரைட்' என்று வைத்தேன். கிளீனராக இருந்த காலத்தில் பின்பக்கம் தட்டி நான் ஆயிரம் தடவை கத்திய சொல். பத்தே நாளில் கற்றுக்கொண்டது. எங்கள் வளைவில் பஸ் நின்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போது அது ஆரஞ்சு மரத்துக்கு ஓடுவது உண்டு. அதனால் நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னபடியே மச்சினன் குட்டியானையில் வந்துவிட்டான். கயிறு, நாய் படுக்கச் சாக்கு எல்லாம் கொண்டுவந்திருந்தான். எனக்குள் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. என் குரலும் அவள் குரலும் நாய்க்குப் பழகிவிட்டன. வெளியாள் குரலுக்கு என்ன செய்யும் என்று நான் பார்த்ததில்லை. அதனால் அவனிடம் எதையும் சொல்லவில்லை. முதலில் சாப்பிடு என்று உட்கார வைத்தோம். இலை போட்டுக் கறிக்குழம்பு ஊற்றினாள். நாய் வாசற்படியில் படுத்திருந்தது, கட்டவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். பூனைக்குட்டி எங்கிருந்தோ வந்து இலையில் முன்னங்காலை வைத்தது.

"சூ" என்றான் மச்சினன். லோடு ஏற்றும் குரல். வீடே அதிர்ந்தது.

நாய் எழுந்தது. ஓடி வந்தது. பூனைக்குட்டி நடுவில் நின்றது. என் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நாய் பூனையைத் தாண்டியது. தாண்டும்போது அதன் வால் பூனையின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது. நேராக மச்சினன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கையைப் பார்த்தது.

மச்சினன் உருட்டிய சோற்றோடு என்னைப் பார்த்தான். "மாமா, என்னுங்க இது? பூனையத் தொரத்துனா நாயி வந்து பக்கத்துல ஒக்காருது?"

"பொறை கேக்குது மாப்ள."

"எங்கிட்டயா?"

"சூன்னு சொன்னது நீதான? இல்லீன்னா அந்த எலும்பக் குடு."

எலும்பைக் கொடுத்தான். பூனைக்குட்டிக்கும் ஒரு துண்டு கறி போட வேண்டியதாயிற்று. இரண்டும் அவன் இலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தின்றன. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவன் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு கேட்டான். கை கழுவி வந்தவன் சாக்கை உதறினான்.

"செரி, நேரமாகுது. நாய ஏத்தட்டுமா?"

"எந்த நாய?" என்றாள் என் மனைவி.

"எந்த நாயா? போன்ல நீதானக்கா அழுதே. இதுக்குன்னு ஒரு லோட உட்டுப்போட்டு வந்திருக்கறேன்."

"அழுதேன். அப்ப அது அவரு நாயி."

அவ்வளவுதான் சொன்னாள். இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாய் எழுந்து அவள் பின்னால் போனது, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பின்னால் பூனைக்குட்டி.

மச்சினன் கொண்டுவந்த வண்டியில் ஆரஞ்சு ஏற்றி அனுப்பினேன். மலை இறங்கும் வரைக்கும் அவன் சிரித்திருப்பான். அன்று சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வேலியைச் சுற்றி நடந்து, ரைட்டர் வீட்டுக்குப் போய் முழுவதையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.